பாலன் யேசுவின் தலையில் தட்டினேன்

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள். எனக்குக் குடுத்திருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். விருத்தாசலத்துலேருந்து ஒரு பாலன் யேசு சுரூபத்தை எங்க ஊரு கோயிலுக்குப் பத்திரமா கொண்டு வரணும்.

பழைய பாலனை, கோயில் வேலையெல்லாம் பாக்குற உபதேசியார் துடைக்கிறேன்னு கீழ போட்டுட்டாரு. மாடு, ஒட்டகம், மூணு ராஜா எல்லாரும் குடிலுக்கு ரெடி. அவங்க பாக்க வந்த ஆளு மட்டும் இல்ல!

மறுநாள் காலையில பூசை முடிஞ்சதும் ஊரே வரிசையில வந்து பாலனுக்கு முத்தி செய்யும், அதான் முத்தம் குடுக்கும். பாலன் இல்லாட்டி யாருக்கு முத்தி செய்யறது, ஒட்டகத்துக்கா?

"ரோஸ்லின், நீங்கதான் பீங்கான் பொம்மை செய்யற எடத்துல வேலை பாக்குறீங்களே. அங்கயே ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க"ன்னாரு எங்க கோயில் சாமியார்.

கோயில் காரியத்தை என்னை நம்பிக் குடுத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு கால் தரையில நிக்கல.

என் வேலையைப் பத்தி இங்க சொல்லிடணும். சூளையிலேருந்து வர்ற பொம்மைய விரல் முட்டியால தட்டிப் பாத்துப் பிரிக்கணும். 'டிங்'குன்னா நல்ல உருப்படி. 'டப்'புன்னா உள்ள விரிசல், தூக்கி ஓரமா வச்சுட வேண்டியதுதான்.

தட்டித் தட்டி கை அதுக்கே பழகிப்போச்சு. டீக்கடை கிளாஸைத் தட்டுவேன். விருந்துக்குப் போனா சோறு போடுறதுக்குள்ள தட்டைத் தட்டுவேன். கல்யாணத்துக்கு முன்னாடி உங்க தலையையும் ஒரு தட்டு தட்டிப் பாத்திருக்கணும்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட அடிக்கடி சொல்லுவேன்.

பாலன் நல்லா, பொறந்த புள்ள அளவுல இருந்தாரு. தட்டினேன். டிங்! வெள்ளைத் துண்டுல சுத்தி, மார்கழிப் பனிக்கு நான் கொண்டு போயிருந்த சால்வையையும் மேல போத்தி, ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு சேத்தியாத்தோப்பு பஸ்ஸுல ஏறினேன்.

அங்கதான் வினை.

"யம்மா, கைப்புள்ளையோட நிக்கிறியே! வா, இப்படி உக்காரு." கூடையில கத்திரிக்கா வச்சிருந்த ஒரு அம்மா எழுந்து எடம் விட்டாங்க.

இது பொம்மைன்னு அப்பவே சொல்லியிருக்கலாம். நாள் பூரா நின்ன காலு, சொல்ல விடல. உக்காந்துட்டேன்.

"புள்ளைக்கு என்னா பேரு?"

பொய் சொல்லக் கூடாது பாருங்க. "யேசு."

"நல்ல பேரு. பொறந்து எத்தினி நாளாவுது?"

நாளைக்குத்தான் பொறக்கப் போறாருன்னு எப்படிச் சொல்றது? முழிச்சேன். முழிச்சதுல, "இன்னிக்குதாங்க வாங்கியாந்தேன்"னு வாய் தவறி வந்துடுச்சு.

"வாங்கியாந்தியா?!"

பஸ்ஸே திரும்பிப் பாத்துது. நான் விளக்கம் சொல்ல வாயத் தொறக்கறதுக்குள்ள கம்மாபுரத்துக்கு முன்னாடி ஒரு பெரிய பள்ளம். பஸ்ஸு தூக்கிப் போட்டுச்சு. பாலனோட தலை முன்சீட்டுக் கம்பியில 'டங்'குன்னு இடிச்சுது.

எனக்கு உசுரே போயிடுச்சு. விரிசல் விட்டிருந்தா நாளைக்கு சாமியார் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? கை தன்னால சால்வைக்குள்ள போச்சு. உச்சந்தலையில முட்டியால ஓங்கி ஒரு தட்டு.

டிங்!

"அப்பாடா, நல்ல உருப்படி"ன்னேன். சத்தமா வேற!

"அடிப்பாவி! பச்சப் புள்ள தலையில கொட்டுறாளே!"ன்னு கத்திரிக்கா அம்மா கத்துன கத்துல டிரைவர் பிரேக் போட்டுட்டாரு.

"அழவே இல்லியே, மயக்க மருந்து ஏதாவது குடுத்திருப்பாங்க"ன்னு ஒருத்தர். புதுசா செல்போன் வாங்கின ஒருத்தர், யாரைக் கூப்பிடலாம்னு ஏங்கிக் கெடந்தவரு போல, "போலீஸுக்குப் போடட்டுமா?"ன்னு எழுந்தே நின்னுட்டாரு.

கண்டக்டர் வந்தாரு. "யம்மா, துணியை எடுங்க. புள்ளயப் பாக்கணும்."

எடுத்தேன். ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு பாலன் பஸ்ஸைப் பாத்துச் சிரிச்சாரு.

மொத்த பஸ்ஸும் சிரிச்சுது பாருங்க! நான்தான் சால்வையை என் தலையில போட்டுக்கலாமான்னு பாத்தேன்.

சிரிக்காதவரு கண்டக்டர் மட்டும்தான். "பொம்மைன்னா லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்."

"லக்கேஜா? சாமிய லக்கேஜுன்றியே! கைப்புள்ளைக்கு ஏதுய்யா டிக்கெட்டு? போய்யா அந்தாண்ட!"ன்னாங்க கத்திரிக்கா அம்மா. கன்னத்துல வேற போட்டுக்கிட்டாங்க.

நான் வெக்கப்பட்டு எழுந்து அவங்க எடத்தைத் திருப்பிக் குடுத்தேன். தோளைப் புடிச்சு உக்கார வச்சுட்டாங்க. "நீ உக்காருமா. மறுபடி எங்கனா இடிச்சிரப் போவுது புள்ளைக்கு."

யேசு பொறக்கறப்போ சத்திரத்துல எடமில்லாமப் போன கதைய ஒவ்வொரு வருஷமும் கோயில்ல கேக்குறேன். கம்மாபுரம் ரோட்டுல, கூட்ட பஸ்ஸுல, அவருக்கு சன்னலோரமா ஒரு எடம் கெடச்சுதேன்னு நெனச்சப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எறங்குற வரைக்கும் அந்தம்மா நின்னுக்கிட்டேதான் வந்தாங்க.

சாயங்காலம் பாலனை ஒரு கீறல் இல்லாம சாமியார் கையில ஒப்படைச்சேன். அதோட வாயை மூடிக்கிட்டு வூட்டுக்கு வந்திருக்கலாம். எல்லாத்தையும் சொல்லிட்டேன். மனுஷன் சிரிச்சு சிரிச்சு கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சாரு.

மறுநாள் பூசை முடிஞ்சு முத்தி செய்யற வரிசை. எல்லாரும் பக்தியா குனிஞ்சு முத்தி செஞ்சுட்டுப் போனாங்க. என் முறை வந்துச்சு. நான் கையை நீட்டினதும் சாமியார் பாலனை வெடுக்குன்னு நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு.

"முத்தி மட்டும் செய்யுங்க ரோஸ்லின். தட்டக் கூடாது."