நாலாம் பீப்பாயின் மேல் விட்டுவந்த பச்சை நோட்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி தொன் அன்செல்மோ பொன்சியோ அவர்களுக்கு, கோதோய் குரூஸிலிருந்து எவரிஸ்தோ கிரோகா மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தி அம்மாள் ஒஃபேலியாவும் மாப்பிள்ளை புரூனோவும் சுகமாகத்தான் இருப்பீர்கள், இந்தக் கடிதம் வந்து சேரும்வரை.

ஒரே ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஒயின் ஆலைக்கு வந்திருந்தபோது, பச்சை அட்டை போட்ட என் நோட்டை நாலாம் பீப்பாயின் மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீடு முழுக்கத் தேடியாகிவிட்டது, வேறெங்கும் இருக்க வழியில்லை. அதைத் திறக்காமல், ரப்பர் பாண்டைக்கூடக் கழற்றாமல், பஸ் ஓட்டுநர் நேஸ்டரிடம் கொடுத்தனுப்புங்கள். திறந்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து மூடிவிடுங்கள். படித்தேவிட்டீர்கள் என்றால் கீழே எழுதியிருப்பதையும் சேர்த்துப் படியுங்கள். போனில் சொல்லலாமே என்பீர்கள். உங்கள் வீட்டில் போனை எடுப்பது ஒஃபேலியா அம்மாள். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

நான் முப்பத்து நாலு வருஷம் பல் பிடுங்கியவன். ஓய்வு பெற்ற பிறகு வேறு பொழுதுபோக்கு இல்லாமல் ஞாயிற்றுக்கு ஒரு ஆலை என்று மெந்தோசா முழுக்கச் சுற்றி, குடித்ததை நோட்டில் எழுதி, வியாழக்கிழமைகளில் எங்கள் கூட்டாளிகள் ஒன்பது பேருக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். அறுபத்து மூன்று ஆலை முடிந்துவிட்டது. நோட்டில் நான் பொய் எழுதுவதே இல்லை. பொய்யெல்லாம் நேரில்தான். அதோடு விட்டேனா? பழக்கதோஷத்தில் மனுஷர்களையும் எழுத ஆரம்பித்துத் தொலைத்தேன். ஒஃபேலியா அம்மாளைப் பற்றி, “முதல் மடக்கு தேன், இரண்டாம் மடக்கு குறுக்கு விசாரணை, தொண்டையில் வெகுநேரம் நிற்கிறார்” என்று இருக்கும். இது புகழ்ச்சி சம்பந்தி, சத்தியமாகப் புகழ்ச்சி. எங்கள் வட்டத்தில் தொண்டையில் நிற்பதுதான் உயர்ந்த குணம். உங்களைப் பற்றி, “பெரிய உடம்பு, மெல்லிய வாசனை, அடியில் வண்டல், ஆட்டாமல் ஊற்ற வேண்டும்.” மாப்பிள்ளையைப் பற்றி, “இளசு, பத்து வருஷம் இருட்டில் போட்டு வைத்தால் தேறும்.” இது என் பெண் மரியேலா காதுக்குப் போனால் அவள் என்னைத்தான் இருட்டில் போட்டு வைப்பாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்னைத் தூங்கவிடாதது கடைசிப் பக்கம். உங்கள் குடும்ப வழக்கப்படி, பெண்ணைக் கொடுக்கிறவன்தான் கல்யாண ஒயினைச் சுவைத்துத் தேர்ந்தெடுத்து, அந்தப் பீப்பாயில் தன் கையாலேயே சாக்பீஸில் சிலுவை போட வேண்டும். முதல் மூன்று பீப்பாயும் நன்றாகவே இருந்தன. நாலாவதிலிருந்து நீங்கள் ஊற்றும்போது ஒஃபேலியா அம்மாள் சொன்னார்: “டாக்டர், இது புரூனோ தனியாளா மிதிச்ச திராட்சை. கல்யாணத்துக்குன்னே போட்டான். எங்களைக்கூட கிட்ட விடல.” நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டீர்கள். கிளாஸை மூக்கருகே கொண்டுபோன உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் நெடி, அதற்குப் பின்னால் சுத்தமான வினிகர். துப்பலாம் என்றால் வாளி உங்கள் காலடியில் இருக்கிறது, மூன்று பேர் என் வாயையே பார்க்கிறீர்கள். விழுங்கினேன்.

“எப்படி இருக்கு டாக்டர்?”

“சொர்க்கம்!” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இன்னொரு கிளாஸ் ஊத்துங்க சம்பந்தி” என்று வேறு சொன்னேன். சாக்பீஸை வாங்கிச் சிலுவையும் போட்டேன். நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதீர்கள். புரூனோ என் கையை முத்தமிட்டான். இரண்டாவது கிளாஸை வெளியே எடுத்துப்போய் ரோட்டோர வாய்க்காலில் கொட்டினேன். உங்கள் நாய் அதை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. உள்ளே திரும்பி வந்து, அந்தப் பீப்பாயின் மேலேயே நோட்டை விரித்து, கடைசிப் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

சனிக்கிழமை நூற்றெண்பது பேர் வருகிறார்கள். முதல் கிளாஸை என் பெண்ணும் உங்கள் பையனும் எல்லோர் முன்னாலும் குடிக்க வேண்டும். என் மனைவி டெல்ஃபினாவிடம் சொன்னேன்.

“நேர்லயே சொல்லியிருக்க வேண்டியதுதானே?” என்றாள்.

“எப்படிடி சொல்றது? அந்த மனுஷன் என் தோள்ல சாஞ்சு அழுதிருக்கார்!”

“முப்பத்து நாலு வருஷம் ஊரார் வாயையெல்லாம் திறக்க வச்சீங்க. உங்க வாயத் திறக்க ஒரு ஆள் இல்லாமப் போச்சே!”

சரி சம்பந்தி, நோட்டை எப்படியும் படித்திருப்பீர்கள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த நாலாம் பீப்பாய் போச்சு. எங்கேயோ காற்று புகுந்துவிட்டது. புரூனோ மேல் தப்பே இல்லை, எத்தனையோ பெரிய கைகளுக்கும் இப்படி ஆகியிருக்கிறது. இரண்டாம் பீப்பாயில் மால்பெக் திராட்சை ஒயின் இருக்கிறதே, அறுபத்து மூன்று ஆலையில் அப்படி ஒன்றை நான் குடித்ததில்லை. இது நோட்டிலேயே இருக்கிறது, நம்பலாம். நாலாவதிலிருக்கும் சிலுவையை அழித்துவிட்டு அதில் போட்டுவிடுங்கள். கோபத்தை என் மேல் காட்டுங்கள், கன்னத்தில் அறையுங்கள், வாங்கிக்கொள்கிறேன். மரியேலா மேல் மட்டும் காட்டிவிடாதீர்கள். எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், அந்த நாய்க்கு என் மன்னிப்பும்.

தங்கள் அன்புள்ள, வெட்கங்கெட்ட சம்பந்தி,
எவரிஸ்தோ கிரோகா

பி.கு.: அண்ணா, இதை எழுதுவது டெல்ஃபினா. இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு முகம் கழுவப் போயிருக்கிறார். நோட்டு உங்களிடம் இல்லை. இப்போதுதான் கார் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்தேன். அதாவது, நீங்கள் எதையுமே படிக்கவில்லை. இது தெரிந்தால் இவர் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, சனிக்கிழமை நூற்றெண்பது பேருக்கும் வினிகர் ஊற்றிவிட்டு, சொர்க்கம் என்று சிரித்துக்கொண்டு நிற்பார். அதனால் நானே கவரை ஒட்டி நேஸ்டரிடம் கொடுக்கப் போகிறேன். சிலுவையை மறக்காமல் மாற்றிவிடுங்கள். உங்கள் எல்லோரையும் பற்றி எழுதியதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். நாற்பத்தோராம் பக்கத்தில் என்னைப் பற்றி, “தனியாகத் தாங்காது, சாப்பாட்டோடு பரவாயில்லை” என்று எழுதியிருப்பதை மட்டும் மூச்சுவிடவில்லை. இன்று மத்தியானம் இவருக்குச் சாப்பாடு கிடையாது.