லாடக்காரர் வீட்டு ஜெபம்

எமனே வந்தாலும், "செத்த உக்காருங்க, ஜெபம் முடியட்டும்" என்று பாயை எடுத்துப் போடக்கூடிய ஒரே மனிதர், கம்பம் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரிந்து, ராயப்பன்பட்டி லாடக்காரர்தான். அவருக்குப் பெயரென்று ஒன்று கோயில் பதிவேட்டில் இருந்திருக்கும். ஊருக்கு அவர் லாடக்காரர். பெண்டாட்டி பெயர் சொல்லிக் கூப்பிடும் காலமும் இல்லை அது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷங்கள். நான் வீரபாண்டிக்காரன், அம்மன் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்கிற குடும்பம். ராயப்பன்பட்டியில் வாத்தியார் வேலை கிடைத்து, லாடக்காரர் வீட்டு முன்னறையில் குடியேறினேன். சாப்பாடும் அங்கேயே. ஜெபம் முடிந்துதான் சாப்பாடு என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் கும்பிட வேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றார் லாடக்காரர். பசியோடு சும்மா உட்கார்ந்திருந்ததில், ஆறே மாதத்தில் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை எனக்கு மனப்பாடம். லீவில் ஊருக்குப் போயிருந்தபோது மத்தியானத் தூக்கத்தில் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று உளறியிருக்கிறேன். அம்மா வேப்பிலையோடு ஓடிவந்தாள்.

சாயங்காலக் கோயில் மணி கேட்டதும் லாடக்காரர் கையிலிருந்து சுத்தியல் இறங்கிவிடும். ஒருமுறை கம்பத்து வண்டிக்காரர் ஒருவரின் மாட்டுக்கு மூன்று காலில் லாடம் அடித்தாயிற்று. மணி அடித்தது. மாட்டை அவிழ்த்து நிறுத்திவிட்டு எழுந்துவிட்டார். வண்டிக்காரர் கத்தினார். கத்தியவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாயில் உட்கார வைத்தார். அதற்கப்புறம் அந்த வண்டிக்காரர் மணியடிக்கிற நேரம் பார்த்தே வர ஆரம்பித்தார். லாடக்காரம்மாவின் கருவாட்டுக் குழம்பு அப்படி.

மூத்தவன் அருளப்பன் ஒருநாள் ஜெபத்துக்குத் தப்பி உத்தமபாளையத்தில் நாடகம் பார்க்கப் போனான். அவன் கொட்டகை வாசலில் நிற்கும்போதே, மாதா படம், மெழுகுவத்தி, மனைவி, இளையவன் சூசை எல்லோரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அப்பா வந்து இறங்கினார். அங்கேயே முழந்தாள் போட்டார்கள். கூட்டம் அதைத்தான் முதல் காட்சி என்று நினைத்துக்கொண்டது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்டேன்.

"கோயிலுக்கு வாரத்துக்கு ஒருநா போறோம். மிச்ச ஆறு நாளும் ஆண்டவரு எங்கன இருப்பாரு வாத்தியாரே? வீட்டுலதான இருக்கணும்?" என்றார்.

அந்த வீட்டில்தான் ஒரு சண்டை வந்தது. சூசை லாடம் அடிக்கையில் ஆணி மாட்டின் சதையில் ஏறிவிட்டது. அருளப்பன் பத்து வண்டிக்காரர்கள் முன்னால் தம்பியைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். கலியாண வயசுப் பையன் சூசை. இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

அன்று ஜெபத்தில், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்ற இடம் வந்ததும் லாடக்காரர் நிறுத்தினார்.

"ஏலே, பொறுத்தாச்சா?"

இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

"அப்ப இதுக்கு மேல போகப்படாது. ஆண்டவருகிட்டப் பொய் சொல்ல முடியாது" என்று மெழுகுவத்தியை அணைத்துவிட்டார். எங்களைச் சாப்பிடச் சொல்லிவிட்டு அவர் வெறும் தண்ணீரைக் குடித்துப் படுத்தார். மறுநாளும் அதே வரி, அதே தண்ணீர். மூன்றாம் நாள் பாதி லாடத்தில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவர் தூணில் சாய்ந்ததை நானே பார்த்தேன். பிள்ளைகளும் பார்த்தார்கள். ஆனால் அப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள் அல்லவா, அசையவில்லை.

நான்காம் நாள் அதே வரியில் அவர் நிறுத்தியபோது, அதுவரை வாய் திறக்காத லாடக்காரம்மா மெதுவாகக் கேட்டாள்.

"கடமலைக்குண்டுல உங்க தம்பி இருக்காக. பன்னெண்டு வருசமாச்சு, நீங்க அவுகளப் பொறுத்தாச்சா?"

அவருக்கு ஒரு தம்பி உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். லாடக்காரர் முகத்தை அவ்வளவு சின்னதாக நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த வரியை அவர்தானே உரக்கச் சொல்லி வந்தார்.

விடிந்ததும் கடமலைக்குண்டுக்குக் கிளம்பினார். பிள்ளைகள் வண்டி பூட்ட வந்தார்கள். வேண்டாம், நடந்துதான் போக வேண்டும் என்றுவிட்டார். நான்கு நாளாகச் சோறு இறங்காத உடம்பு. லாடக்காரம்மா வற்புறுத்திக் கஞ்சி கொடுத்தாள். அதை மட்டும் குடித்தார்.

கிளம்பிப் போன ஐந்தாம் நாள் மத்தியானம் இரண்டு பேராகத் திரும்பி வந்தார். அதே மூக்கு, அதே நடை, கொஞ்சம் இளைத்த இன்னொரு லாடக்காரர். தம்பி தோளைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணனால் நடக்க முடிந்தது. பாதம் இரண்டும் கொப்புளம்.

அருளப்பன் ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்தான். சூசை கீழே உட்கார்ந்து அப்பாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தான். ஒருவன் ஊற்ற, ஒருவன் கழுவினான். அருளப்பன் செம்பைப் பார்த்தபடியே, "அன்னைக்கு நான் அடிச்சிருக்கக் கூடாதுடா" என்றான். "தண்ணிய ஊத்துண்ணே" என்றான் சூசை.

அன்று சாயங்காலம் ஜெபம் அந்த வரியைத் தாண்டிப் போயிற்று. ஆனால் அந்த இடத்தில் லாடக்காரருக்குக் குரல் எழவில்லை. தம்பியும் பிள்ளைகளும் எடுத்துச் சொன்னார்கள். அவர் குழந்தை மாதிரி அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

சிறு வயதிலேயே அப்பாவை இழந்தவன் நான். அன்று அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, இந்த மனிதர் எனக்கு அப்பாவாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.