மேலே ஏறிய கேஸ்

பூண்டுக் குழம்பு கொதிக்கிற நேரம் பார்த்தா சக்ரபாணி திரும்பி வர வேண்டும்? கோயிலுக்குக் கிளம்பியவர் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டாராம். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

சமையலறையில் சத்யபாமா சட்டென்று குழம்பைத் தட்டால் மூடினாள். வெங்காயம்கூட நுழையாத ஸ்ரீரங்கத்து வீடு அது. ஆனால் பொன்மலை ரயில்வே ஆபீசில் முப்பது வருடம், தோழி அழகம்மாளின் டிபன் பாக்ஸில் பழகிய ருசி. போன மார்ச்சில் சத்யபாமாதான் ஓய்வு பெற்றாள், நாக்கு பெறவில்லை.

"பாமா, என்னடி இது, ஒரு மாதிரி வாடை?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மருமகள் மைத்ரேயி தன் அறையிலிருந்து ஓடி வந்தாள். "அப்பா, கேஸ் லீக்!"

பெருமாளே காப்பாற்றினார் என்று சத்யபாமா அவசரமாக அடுப்பை அணைத்து, குழம்புப் பாத்திரத்தைச் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்தாள்.

சக்ரபாணி மகனுக்குப் போன் போட்டார். லக்ஷ்மிகாந்த், புரொப்பேன் கேஸ் வைத்து இரும்புத் தகடு வெட்டும் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர்.

"ஸ்விட்சைத் தொடாதேங்கோ. ஜன்னலைத் திறங்கோ. பியூட்டேன், புரொப்பேன் எல்லாம் காத்தைவிட கனம்ப்பா, தரையிலதான் தங்கும்."

சக்ரபாணி பஞ்சகச்சத்தோடு மண்டியிட்டுத் தரையை முகர்ந்தார். ஒன்றுமில்லை. ஸ்டூலில் ஏறினார். அங்கே வாடை ஆளைத் தூக்கியது.

"நம்மாத்து கேஸ் மேல போறதுடா!"

"அது நடக்காதுப்பா! முதல்ல எல்லாரும் வெளியில போங்கோ!"

ஜன்னலைத் திறந்ததில் வாடை மாடிக்கும் ஏறியது. பத்து நிமிடத்தில் நான்கு குடித்தனமும் தெருவில் நின்றது.

"மெக்கானிக்கைக் கூப்பிடு" என்றார் சக்ரபாணி.

"எதுக்குப்பா? ரெகுலேட்டரை மூடினா ஆச்சு" என்று மைத்ரேயி இழுத்தாள்.

"போன மாசம் நாங்க காஞ்சிபுரம் போயிருந்தப்பவும் லீக்குன்னியே! அதே ஆளையே வரச் சொல்லு."

மெக்கானிக் சிவசங்கர் வந்தார். கூடவே சத்யபாமாவும் முந்திக்கொண்டு உள்ளே போனாள். அவர் ரெகுலேட்டரில் சோப்பு நுரை தடவினார். குமிழி வரவில்லை. டியூபிலும் வரவில்லை. பிறகு சிலிண்டரை நகர்த்தினார். பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். உள்ளே முழு முழுப் பூண்டாக மிதந்தது.

முப்பத்தைந்து வருட ஆசாரம் நாலு குடித்தனத்துக்கு முன்னால் சிரிப்பாய்ச் சிரிக்கப் போகிறது. சத்யபாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லிடாதேப்பா..."

சிவசங்கர் பாத்திரத்தை மெல்ல மூடினார்.

"பயப்படாதீங்கம்மா. போன மாசம் உங்க மருமக வச்ச பூண்டு ரசத்தை நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"