மிளகு மில்லின் தங்கப் பிளேடும் கீறல் பிட்டரும்

மாத்தளை மாவட்டத்தில் கீறல் விழாத பொருள் ஒன்று இருக்கிறதென்றால், அது கீறல் பிட்டரின் கையில் இன்னும் அகப்படவில்லை என்று அர்த்தம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் கார்பைட் முனை வைத்த ஊசி ஒன்று வைத்திருப்பான். எதைப் பார்த்தாலும் ஒரு கோடு இழுப்பான். கோடு விழுந்தால் "மெத்து" என்று உதட்டைப் பிதுக்குவான். விழாவிட்டால் அந்தப் பொருளுக்கு ஒரு கும்பிடு.

அலுவிகாரைப் பக்கம் ஒரு மிளகு மில்லில் அவன் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர், நான் சாமான் கணக்கு வைக்கும் ஸ்டோர் கிளாக்கர். என் மச்சினி நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டு மோதிரத்தைப் பார்த்துத் தருகிறேன் என்று வாங்கி, கீறியே விட்டான். சம்பந்திகள் கொதித்துப்போனார்கள். "கோவிக்காதீங்க, நல்ல தங்கம். அதான் மெத்துன்னு இருக்கு. கெட்டியா இருந்தாத்தான் நீங்க பயப்படணும்" என்று அவர்களுக்கே ஆறுதல் சொன்னான்.

எங்கள் முதலாளி தன் புது ஃபோனைக் காட்டி, இந்தக் கண்ணாடியில் கீறலே விழாது என்று பீற்றிக்கொண்டார். அடுத்த நிமிடம் கண்ணாடியும் போச்சு, பீற்றலும் போச்சு. வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார். இவன் இல்லாமல் மில் ஓடாதே! பல்லைக் கடித்துக்கொண்டார்.

மில்லுக்கு அப்போது ஒரு சனியன் பிடித்திருந்தது. ஊரெல்லாம் மிளகை ரோட்டோரம் காயப்போட்டு, மணலும் சேர்த்து வாரிக்கொண்டு வருவார்கள். அந்த மணல் அரைக்கும் பிளேடுகளை மாதத்துக்குள் மொட்டையாக்கிவிடும். டைட்டேனியம் நைட்ரைட் கோட்டிங் போட்டால்தான் விமோசனம் என்று பிட்டர் முதலாளியை அரிக்க ஆரம்பித்தான்.

"தங்க முலாமா?" என்றார் முதலாளி.

"நெறம் மட்டுந்தாங்க தங்கம். ஜாதி பீங்கான் ஜாதி. காத்த உறிஞ்சின பெட்டிக்குள்ள வச்சு, டைட்டேனியத் தகட்டுலேர்ந்து அணு அணுவாப் பேத்து, நைட்ரஜனோட சேத்துப் படிய வைக்கிறாங்க. தலமுடிய இருவது பங்கு போட்டா ஒரு பங்கு கனம். மணலு தேச்சுத் தேச்சு அதுவாத்தான் சாகணும்."

"அப்ப பழைய பிளேடுக்கே போட்டுருவோம்."

"ஏலாதுங்க! சோத்து மேல அப்பளத்த வச்சு அமுக்கிப் பாருங்க. அப்பளம் கெட்டிதான். அடியில சோறு அமுங்குனா நொறுங்காதா? கீழ இருக்குற இரும்பும் கெட்டியா இருக்கணும்."

நல்ல எஃகில் புதுப் பிளேடுகள் வாங்க வைத்தான். மூன்று நாள் மெருகேற்றி, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, உலர்த்தி, வெள்ளைக் கடதாசியில் சுற்றினான். "விரல் பட்டாலே பசை. பசை இருந்தா கோட்டிங் ஒட்டாது. பெத்த தாய் வந்தாலும் தொடக் கூடாது" என்று என் அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, பூசை லீவுக்கு எல்கடுவையில் மாமியார் வீட்டுக்குப் போனான்.

சாவி என்னிடம். மில்லில் ஆயுத பூசை பொறுப்பும் என்னிடம். தராசுக்குப் பொட்டு, லொறிக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குக்கூடப் பொட்டு. புதுப் பிளேடு மட்டும் வெறும் நெற்றியோடு கிடக்கலாமா? தெய்வக் குற்றமாகிவிடாதா? நல்லெண்ணெயில் குங்குமம் குழைத்து ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். மறுநாள் லேஞ்சித் துணியால் துடைத்து, பழையபடி சுற்றி வைத்தேன். அவன் வந்து, கொழும்புப் பக்கத்துக் கோட்டிங் பட்டறைக்கு மடியில் வைத்துக் கொண்டுபோனான்.

பிளேடுகள் பளபளவென்று திரும்பி வந்தன. பிட்டர் ஊசியால் இழுத்துப் பார்த்தான். கோடு விழவில்லை. விழுந்து கும்பிட்டான். முதலாளியும் பக்கத்தில் நின்று ஃபோட்டோ பிடித்துக்கொண்டார்.

இரண்டே வாரம். மிளகுத் தூளில் மினுமினுவென்று தங்கச் செதில். வாங்கினவன் மூட்டைகளை அப்படியே திருப்பி அனுப்பினான். பிளேடுகளைக் கழற்றினால், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், வட்டமாக உரிந்திருந்தது. பட்டறைக்காரர்கள் எண்ணெய்க் கறை, சாதாரணக் கழுவலுக்குப் போகாத கறை என்றார்கள்.

முதலாளி எல்லோரையும் கூட்டினார். "எவன்டா தொட்டது?"

பிட்டர் பிளேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஒரே ஒரு தடவைதான். என் மனைவி அப்போது ஏழு மாதம். வாயைத் திறக்கப் போனேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொய். திறக்கப் போகவே இல்லை.

"நான்தாங்க. எண்ணெக் கையோட தொட்டுட்டேன்" என்றான் அவன்.

பெத்த தாயையே தொட விடாதவன் தானே தொட்டானாம் என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் வேலை போய்விட்டது. வேலையோடு, மில்லுக்குப் பின்னால் பெண்டாட்டியும் இரண்டு பெண்பிள்ளைகளுமாக அவன் குடியிருந்த அறையும் போனது. சாமான் ஏற்றியபோது ஒரு பெட்டியை நான் தூக்கப் போனேன். பிடுங்கிக்கொண்டான்.

"ஏன் பிட்டரு அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் கிளாக்கரய்யா. சொல்லல. யாருமே ஒத்துக்கலன்னா கோட்டிங்தான் மட்டம்னு முதலாளி முடிவு கட்டிருவாரு. அது மட்டமில்ல. மனுஷந்தான் மட்டம்."

முதலாளி அதே பட்டறையில் மறுபடி கோட்டிங் போட்டார். அந்தப் பிளேடுகள் இன்றும் மணலோடு மல்லுக்கட்டி ஓடுகின்றன. புகழ் முழுக்க முதலாளிக்கு.

போன மாதம்தான் எனக்குத் தைரியம் வந்து முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், தைரியத்துக்கு அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது, தூ! "அட, பழைய கத. ஆளக் கூட்டிட்டு வாங்க, இப்ப இருக்குற பிட்டர் சரியில்ல" என்றார் அவர்.

ரத்தோட்டையில் ஒரு கராஜில் அவனைத் தேடிப் பிடித்தேன். எல்லாம் சொன்னேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன். அவன் பிளேடு எப்படி ஓடுகிறது என்று மட்டும் விசாரித்தான். மில்லுக்கு வரமாட்டேன் என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போகிறேன். அவன் என்னைக் கண்டதும், நான் உட்கார ஒரு கதிரையைத் துடைத்து, தன் பக்கத்தில் இழுத்துப் போடுகிறான்.