தலைக்குப் பூசிய செர்ரி மாத்திரை

முடி கொட்ட ஆரம்பித்த மனிதனுக்கு யார் எதைச் சொன்னாலும் பாதிதான் காதில் விழும். முடி வளரும் என்கிற பாதி.

தொண்ணூறுகளின் நடுவில் நான் தி.நகரில் ஒரு பாத்திரக் கடையில் விற்பனையாளன். குக்கரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். வாங்க வந்த பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் வியர்த்துவிடும். இந்த லட்சணத்தில் உச்சந்தலை வேறு காலியாகிக்கொண்டிருந்தது. இடது காதோரம் முடியை நீளமாக வளர்த்து, அதை வலது காது வரைக்கும் மேம்பாலமாகப் போட்டிருந்தேன். (மவுண்ட் ரோடு மேம்பாலம் தோற்றுவிடும்.)

மயிலாப்பூரில் டீச்சராக இருந்த கலைச்செல்வியின் வீட்டுக்கு அம்மா என் போட்டோவை அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூடம் முடித்த புதிதில் எடுத்த போட்டோ. அதில் தலை நிறைய கிராப். பெண்ணுக்குப் பிடித்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். என் தலையைப் பார்த்துவிட்டு 'யோசிச்சுச் சொல்றோம்' என்று போனவர்கள் அதற்கு முன்பே நிறைய. இந்தத் தடவையாவது போட்டோவும் தலையும் ஒத்துப்போக வேண்டும்.

அந்த வாரம்தான் பெரியம்மா மகன் ரவி அண்ணன் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கினார். சாப்பிட்டு முடித்ததும் செர்ரிப் பழ வாசனையடிக்கிற சிவப்பு மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"என்னண்ணே அது?"

"மெலட்டோனின்டா. தூக்கம் வர்றதுக்கு. அங்க இப்ப எங்க போனாலும் இதே பேச்சுதான். தோல்ல தடவினா சுருக்கம் வராது, தலையில தடவினா முடி கொட்டாதுன்னெல்லாம் சொல்லிக்கிறாங்க."

"அது தடவுறதுக்குன்னு தனியா செய்யற மருந்து, அதுவே இன்னும் நிச்சயமில்ல, இது வேற" என்றும் அண்ணன் சொன்னாராம். சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை. எனக்கும் தூக்கம் வருவதில்லை என்று சொல்லிக் கொஞ்சம் மாத்திரை வாங்கிக்கொண்டேன்.

அதை அம்மிக்குழவியால் நுணுக்கித் தேங்காய் எண்ணெயில் போட்டால் கரையவில்லை. வெந்நீர் விட்டேன். ரோஸ் நிறத்தில் ஒரு களிம்பு திரண்டது. வெள்ளோட்டமாக சனிக்கிழமை கொஞ்சம் தலையில் பூசிக்கொண்டு கடைக்குப் போனேன். சக விற்பனையாளன் குமார் மூக்கை உறிஞ்சினான்.

"இன்னா நைனா, உன் தலையாண்ட கேக் வாசனை வருது?"

"அமெரிக்கா மருந்து."

"மருந்தா? பேக்கரி கணக்கா கீது!"

பொறாமை என்று விட்டுவிட்டேன். ஏனென்றால் கடை ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் என் மேம்பாலம் அசையவே இல்லை. ஒரே நாளில் வேர் பிடித்துவிட்டது! (அது மாத்திரையில் இருந்த சர்க்கரையின் பசை என்று இப்போது தெரிகிறது.) மறுநாள் மிச்சமிருந்ததை எல்லாம் தலைக்கு அப்பினேன். விரலில் ஒட்டியதை வீணாக்காமல் கன்னத்தில் தேய்த்துக்கொண்டேன்.

சாமி கும்பிட்டுவிட்டு இரண்டு குடும்பமும் பிராகாரத்தில் உட்கார்ந்தோம். நான் நல்ல இடமாகப் பார்த்துத் தூணில் சாய்ந்தேன். யாரோ அந்தத் தூணடியில் சர்க்கரைப் பொங்கலைச் சிந்திவிட்டுப் போயிருந்தார்கள். அங்கிருந்த எறும்புகளுக்குப் பொங்கல் பழசு. செர்ரி புதுசு.

முதலில் கழுத்தில் ஊறியது. பிறகு காதோரம். பிறகு ஊர்வலமாக உச்சிக்கு. சொறிந்தால் மேம்பாலம் கலையும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கோபுரத்தையே பார்த்தேன். ஒன்று கடித்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"தம்பி என்ன அமைதி! என்ன பக்தி! கண்ணு கலங்குது பாரு" என்றார் பெண்ணின் அப்பா, தன் மனைவியிடம்.

அதுவரை குனிந்திருந்த கலைச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, அது பக்தி இல்ல. அவர் தலையில எறும்பு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க எழுந்து என் பக்கத்தில் வந்தாள். "குனிங்க" என்றாள். டீச்சர் குரல். குனிந்தேன். கைக்குட்டையால் ஒரு தட்டு தட்டினாள். பசையில் காய்ந்திருந்த மேம்பாலம் குக்கர் மூடி மாதிரி ஒரே துண்டாகத் திறந்துகொண்டு இடது பக்கம் தொங்கியது.

என் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்தார். 'யோசிச்சு' என்ற சொல் அவர் வாய்க்கு வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசினேன். அண்ணன், மாத்திரை, வெந்நீர், களிம்பு என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். கடையில் குக்கரைப் பற்றிச் சொல்கிற அதே வேகம்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "அப்ப அந்த போட்டோவுல இருக்கறது?"

"நான்தாங்க. பழைய மாடல். இப்ப அது வர்றதில்லை."

அவ்வளவுதான். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கும்பிட வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அவள் அப்பா, "வீட்டுக்குப் போய் யோசிச்சு..." என்று ஆரம்பித்தார்.

"யோசிச்சாச்சுப்பா" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "புது மாடலே இருக்கட்டும்."

மறுநாள் காலை சலூனில் மேம்பாலத்தை இடித்துத் தள்ளிவிட்டு, வெறுந்தலையோடு ராஜா மாதிரி கடைக்குப் போனேன்.

ரவி அண்ணன் இப்போது நிஜமாகவே தலைக்குத் தடவுகிற மெலட்டோனின் மருந்தை அனுப்பிவைக்கிறார். அதில் சர்க்கரை இல்லை. அதனால் எனக்கு அதன்மேல் நம்பிக்கையும் இல்லை. எங்கள் வீட்டு அடுப்படியில் இன்றுவரை எறும்புப் பொடி தூவியதில்லை. சர்க்கரை டப்பாவில் எறும்பு வரிசை கட்டினால் என் மகள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

"அப்பா, உங்க கல்யாணத் தரகர் வந்திருக்காரு!"

கலைச்செல்வி டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து ஜன்னலோரம் வைப்பாள். தரகுக் கூலியாம்.