மன்னிப்புக் கேட்கும் துப்பாக்கி

மனிதர்களில் கஞ்சன் என்று ஓர் இனம் உண்டு, ஊதாரி என்று ஓர் இனம் உண்டு. இரண்டையும் நம் முன்னோர் வேண்டிய மட்டும் வைது தீர்த்துவிட்டார்கள். ஆனால் இரண்டும் ஒரே உடம்பில் குடித்தனம் நடத்தும் மூன்றாவது இனம் ஒன்று இப்போது பெருகிவருகிறது. அதை வைவதற்கு இன்னும் சரியான ஆள் கிடைக்கவில்லை. நேரத்தை ஊதாரியைப் போல இறைத்து, பொருளைக் கஞ்சனைப் போலச் சேர்க்கும் இந்த இனத்துக்குப் பெட்டிதிறப்பான் என்று பெயர் வைப்போம். சேர்ப்பது பொன்னா, மணியா என்று கேட்கிறீர்களா? துப்பாக்கி. அதுவும் திரைக்குள் இருக்கும் துப்பாக்கி.

வீடியோ கேமா, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் முறையும் வரும்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றி நாலு வார்த்தை. ஐந்து பாகங்களாக வந்திருக்கும் தொடர் அது. எங்கோ ஒரு நிலவு. அதை மொத்தமாக விலைக்கு வாங்கியிருப்பது பிணம் புதைக்கும் கம்பெனி ஒன்று. வியாபாரம் படுத்துவிடக் கூடாதே என்று அந்தக் கம்பெனியே நிலவு முழுக்கத் துப்பாக்கிகளை இலவசமாக இறைத்துவைத்திருக்கிறது. பெட்டியில் துப்பாக்கி, குப்பைத்தொட்டியில் துப்பாக்கி, துணி துவைக்கும் மெஷினுக்குள் துப்பாக்கி. உங்களைச் சுட வருகிறவனைச் சுட்டால் அவன் பையிலிருந்தும் ஒன்று விழும். நீங்கள் செத்தால் ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் குழைந்து பேசும்: "தங்கள் மரணத்துக்கு நன்றி. மீண்டும் வருக." சிரிப்பு வரும். முதல் தடவை எல்லோருக்கும் வரும். சாதாரண மனிதன் சிரிப்பான், சுடுவான், ஜெயிப்பான், எழுந்து போய்ச் சாப்பிடுவான். பெட்டிதிறப்பானுக்குச் சிரிக்க நேரமில்லை, அந்த அறையில் திறக்காத பெட்டி இன்னும் ஒன்று இருக்கிறதே!

மாதிரிக்கு ஒருவனைப் பிடித்துக்கொள்வோம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவன். கூட ஆடுகிறவர்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் கருவூலம். 'அவர்' என்று மரியாதை கொடுத்து எழுதத்தான் ஆசை. கொடுத்தால் அதையும் எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவான்.

எதிரிகள் நாலாபுறமும் சுட்டுக்கொண்டிருக்க, தோழர்கள் 'ஐயோ, ஐயோ' என்று அலறிக்கொண்டிருக்க, கருவூலம் ஒரு மூலையில் குனிந்து குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருப்பான். கிடைத்த துப்பாக்கியிலிருந்து ஓர் ஒளி எழும்பும். வெள்ளை ஒளி என்றால் குப்பை. நீலம் என்றால் பரவாயில்லை. பொன்னிறம் என்றால் கருவூலத்துக்கு மூச்சு நின்றுபோகும். உடனே அதைப் பையிலிருக்கும் இன்னொன்றின் பக்கத்தில் வைத்து, எது மயிரிழை வேகமாகச் சுடும், எதில் தோட்டா ஒன்று கூடப் பிடிக்கும் என்று, கடையில் லென்ஸின் பவரைப் பார்ப்பதைவிடக் கவனமாகப் பார்ப்பான். பார்த்து முடித்து, இரண்டில் உயர்ந்ததைக் கையில் எடுப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? பூட்டி வைப்பான். "இது பெரிய சண்டைக்கு." பெரிய சண்டை வந்தால், "இது இல்ல, இதைவிடப் பெரிய சண்டைக்கு." கடைசிவரை அவன் கையில் இருப்பது முதல் அறையில் பொறுக்கிய ஓட்டைத் துப்பாக்கிதான். நாய் பெற்ற தெங்கம்பழம் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆனாலும் அவன் உயிர் ஒரே ஒரு துப்பாக்கியில் இருந்தது. சுடும்போதெல்லாம் சுடப்பட்டவனிடம் மன்னிப்புக் கேட்கும் துப்பாக்கி அது. தழுதழுத்த ஆண்குரலில், ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு மன்னிப்பு. கம்பெனியின் காவலாளிகளில் ஒரு குறிப்பிட்ட தடியனிடமிருந்து மட்டும்தான் அது விழுமாம், அதுவும் அபூர்வமாக. கருவூலம் அந்தத் தடியனைக் கொல்வான். விழாது. விளையாட்டை மூடிவிட்டுத் திரும்ப வருவான், தடியன் உயிரோடு நிற்பான், மறுபடி கொல்வான். எமன்கூட ஒருவனை ஒரு தடவைதான் கொல்கிறான். மாமனாரின் முகத்தைவிட அந்தத் தடியனின் முகம்தான் இவனுக்குப் பழக்கம்.

திரைக்கு வெளியே மட்டும் வேறு ஆளாக இருப்பானா? காலியாக வரும் பேருந்தை விட்டுவிடுவான், அடுத்ததில் ஜன்னலோர இடம் கிடைக்குமாம். புதுச்சட்டை அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கும், காலர் நைந்த சட்டை உடம்பில் இருக்கும். அவன் வாயில் இரண்டு மந்திரங்கள். யாராவது கூப்பிட்டால், "இதோ." ஏதாவது கொடுத்தால், "இதைவிட நல்லதா ஒண்ணு வரும்." அவன் மனைவியின் அண்ணன் நாலாம் பாகத்தோடு கும்பிடு போட்டுவிட்டார். "மாப்ளே, உங்ககூட ஆடுறது, வீடு மாத்துறவனுக்குத் துணைக்குப் போற மாதிரி இருக்கு. நான் வரல."

மனைவி மட்டும் விடவில்லை. அவள் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை செய்பவள். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைக் கதவை நெம்பி வெளியே எடுப்பவள். அவர்கள் பழகியதே இந்த விளையாட்டில்தான். முதல் பாகத்தில் கருவூலம் குண்டடிபட்டு விழுந்து கிடந்தான். இந்த விளையாட்டில் விழுந்தவன் உடனே சாவதில்லை. கொஞ்ச நேரம் தவழ்வான், அதற்குள் தோழன் ஒருவன் வந்து கைகொடுத்துத் தூக்கினால் பிழைப்பான். அவள் தன் காலடியில் விழுந்த பொன்னொளியைத் தாண்டிக் குதித்து ஓடிவந்து இவனைத் தூக்கினாள். 'அட, எவ்வளவு பெரிய மனசு' என்று இவன் நெகிழ்ந்தானா? "அந்த ஒளி மறைஞ்சுபோச்சே, அது என்ன துப்பாக்கின்னு பாத்தியா?" என்றுதான் முதலில் கேட்டான். அப்போதே அவள் ஓடியிருக்க வேண்டும். சிரித்துவிட்டாள், பாவம்.

இப்போது அவளை அவள் கம்பெனி வேறொரு நகரத்துக்குக் கிளை மேலாளராக அனுப்புகிறது. திங்கட்கிழமை காலை ரயில். கண்ணாடிக் கடை முதலாளிக்கும் அதே நகரத்தில் ஒரு கடை உண்டு. "அங்கே ஓர் ஆள் தேவை, உனக்கே தரேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுவேன், அப்போ சொல்லிடணும்" என்று அவர் கருவூலத்திடம் சொல்லியிருந்தார். வெண்ணெய் கைக்கே வந்துவிட்டது. ஆனால் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலையாவிட்டால் அவன் என்ன கருவூலம்?

"அங்கே இதைவிட நல்ல கடை கிடைக்கும். அவசரப்பட வேணாம்" என்றான்.

"கிடைக்கிற வரைக்கும்?"

"இதோ, யோசிச்சுச் சொல்றேன்."

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: கோபம் தலைக்கேறும்வரை அவள் இவனை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள், ஏறிவிட்டால் 'நீங்க'. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் குரலில் கோபமே இல்லை. "அஞ்சாம் பாகத்துல கடைசி அத்தியாயம்தானே பாக்கி? வா, ஒண்ணாத் தொடங்கினோம், ஒண்ணா முடிச்சுடுவோம். அப்புறம் முதலாளி போன் பண்ணினா வரேன்னு சொல்லு. அப்புறம் பெட்டி கட்டலாம்" என்று சோபாவில் வந்து உட்கார்ந்தாள். பாதி அடுக்கிய பெட்டி ஒன்று படுக்கையறையில் திறந்து கிடந்தது. கருவூலம் எட்டிப் பார்க்காத ஒரே பெட்டி அதுதான்.

கடைசிக் கதவுக்கு முன்னால் அவள் நின்றாள். இவன் வரவில்லை. பின்னால் ஒரு வராந்தாவில் நாலு அலமாரிகள் திறக்காமல் கிடந்தனவாம். "இதோ." பை நிரம்பிவிட்டது, எதைத் தூக்கிப் போடுவது என்று தெரியவில்லையாம். "இதோ, இதோ." ஜன்னல் வெளிச்சம் தரையில் நகர்ந்து சோபாவின் காலைத் தொட்டபோதுதான் கருவூலம் கதவருகே வந்துசேர்ந்தான்.

உள்ளே பிணம் புதைக்கும் கம்பெனியின் முதலாளி, வீட்டு உயரத்துக்கு இருந்த ஓர் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து சவப்பெட்டிகளாக வீசினான். அவனுக்குக் காவலாக, யார் தெரியுமா? அந்தத் தடியன். அவள் முன்னால் நின்று அடி வாங்கினாள். இவன் பின்னால் நின்று ஓட்டைத் துப்பாக்கியால் சுட்டான். பொன்னொளித் துப்பாக்கிகள் அத்தனையும் பத்திரமாகப் பூட்டில் இருந்தன. ஒரு சவப்பெட்டி அவள் மேல் விழுந்தது. அவள் தவழ்ந்தாள்.

"விழுந்துட்டேன். வா, தூக்கு!"

சொல்வதைச் சொல்ல வேண்டும், ஓடினான். பாதி தூரம் ஓடினான். வழியில் தடியன் குறுக்கே வந்தான், இவன் சுட்டான், தடியன் சாய்ந்தான், அங்கிருந்த ஒரு பள்ளத்தின் விளிம்பில் பொன்னொளி எழுந்தது. அந்த ஒளி! விழுந்த பொருள் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். விழுந்த ஆளும் அப்படித்தான். இடது பக்கம் அவள், வலது பக்கம் அது.

"இதோ!" என்று கத்திக்கொண்டே வலது பக்கம் ஓடினான்.

"தங்கள் மரணத்துக்கு நன்றி. மீண்டும் வருக."

இந்தத் தடவை அது சிரிப்பாக இல்லை. அவள் கட்டுப்பாட்டுக் கருவியை மேஜையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், எழுந்தாள்.

"ஏன் எழுந்துட்டே? செத்தா என்ன, மறுபடி வரலாமே!"

"சண்டை நடக்கும்போது கதவு திறக்காது. மறுபடி வந்தாலும் வெளியிலதான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போனாள்.

கருவூலம் எப்படியோ அந்தச் சவப்பெட்டி முதலாளியைக் கொன்றான். தொடரின் இறுதிக் காட்சி ஓடியது. அதைப் பார்க்காமல் பொத்தானை அழுத்திக் கடத்திவிட்டான். ஐந்து பாகங்களாக அவர்கள் காத்திருந்த காட்சி. நேரே துப்பாக்கி சுட்டுப் பார்க்கும் சுவருக்குப் போய், புதையலைத் தூக்கிச் சுட்டான். வீடு முழுக்க ஒரு தழுதழுத்த ஆண்குரல் எழுந்தது:

"மன்னிச்சுடு. என் தப்புதான். உன்னை அப்படி விட்டிருக்கக் கூடாது."

படுக்கையறையில் துணி மடிக்கும் சத்தம் நின்றது. அவள் கையில் ஒரு துண்டோடு வாசலில் வந்து நின்றாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கருவூலம் பார்க்கவில்லை.

"நீ சொன்னியோன்னு நினைச்சேன்" என்றாள்.

"நானா? துப்பாக்கி! எப்படி உருக்கமாப் பேசுது பாரு. இரு, இன்னொண்ணு கேளு."

"ஐயோ, என்னால உனக்கு எவ்வளவு கஷ்டம்!" என்றது துப்பாக்கி. ஒரு வீட்டில் மனிதன் சொல்ல வேண்டியதைத் துப்பாக்கி சொல்லி, அந்த மனிதன் அதற்குக் கைதட்டுவதைவிடக் கேவலம் வேறு உண்டா?

அப்போது மேஜைமேல் கைப்பேசி அடித்தது. கடை முதலாளி. அவள் காத்திருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"இதோ, அடிக்கட்டும். இதை அந்தப் பழைய துப்பாக்கியோட வச்சுப் பாத்துட்டு வரேன்" என்றான் கருவூலம்.

அவள் எடுத்தாள். "வணக்கம் சார். நான் அவர் மனைவி பேசறேன். இல்ல சார், அவர் வரல. ஆமா, நிச்சயமாத்தான். நீங்க வேற ஆளுக்கே கொடுத்துடுங்க."

"யாரு போன்ல?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"உங்க முதலாளி. நீங்க வரலைன்னு சொல்லிட்டேன்."

"நல்லதாப் போச்சு. இதைவிட நல்லதா..." என்று தொடங்கியவன், அந்த 'நீங்க' காதில் தைக்க, முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தான். வாசலில் யாரும் இல்லை.

காலையில் ரயில் நிலையத்துக்குப் போகும் டாக்சியில் அவள் பெட்டியை அவளே ஏற்றினாள். இவன் நைந்த காலரோடு பக்கத்தில் நின்றான். என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதையும் பெரிய சண்டைக்கு என்று பூட்டிவைத்திருந்தானோ என்னவோ, வாயில் வந்தது வேறு.

"எப்போ வருவே?"

"பாக்கலாம்" என்றாள் அவள். "இதைவிட நல்லதா ஒண்ணு வந்தாலும் வரும்." டாக்சி போய்விட்டது.

இப்போது கருவூலம் தனியாகத்தான் ஆடுகிறான். விழுந்தால் தூக்க ஆளில்லை. ஒலிபெருக்கிப் பெண்மணி மட்டும் தவறாமல் நன்றி சொல்கிறாள். மன்னிப்புத் துப்பாக்கி என்ன ஆயிற்று என்கிறீர்களா? பூட்டில் இருக்கிறது, ஆறாம் பாகத்துக்காக. ஆறாம் பாகம் வரப்போகிறதாம். பழைய துப்பாக்கி எதுவும் அதில் செல்லாதாம். 'அதில் இதைவிட நல்லது வரும்' என்று கருவூலம் தேறிக்கொண்டான்.

அன்புள்ள வாசகரே, நீங்கள் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, தெரியும். உங்கள் அலமாரியில் விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த பீங்கான் தட்டைப் பற்றியோ, உறை பிரிக்காத அந்தச் சால்வையைப் பற்றியோ நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றே ஒன்று மட்டும். நீங்கள் இதைப் படிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், பக்கத்து அறையிலிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். தலையைத் தூக்காமல் ஏதோ பதில் சொன்னீர்கள். என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா?

அவர்கள் மறுபடி கூப்பிடவில்லை, கவனித்தீர்களா?