தளபதியின் கோட்டையும் சமையலறைப் பலகையும்

லாரி அலுவலகத்தில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. வீட்டிலும் அதே கதைதான். ஆனால் மாலையில் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டால் அவர் தளபதி. முகம் தெரியாதவர்கள் கூடிக் கல்மேல் கல் வைத்து ஊர் எழுப்பும் இணைய விளையாட்டு அது. அங்கே மலையுச்சியில் அவருக்கு ஒரு கோட்டை இருந்தது. என்னுடையது என்று அவர் மார்தட்டிச் சொல்ல இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

சமையலறையில் ஒரு பலகை ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அங்க கோபுரமா கட்டித் தள்றீங்க. இங்க ஒரு ஆணி அடிக்கக் கை வரலையா?” என்பாள் மனைவி.

“பார்க்கலாம்.”

“கல்யாணமான புதுசுலயும் இதைத்தான் சொன்னீங்க.”

தினம் இதே பாட்டு. ஒருநாள் தளபதி மகத்தான முடிவுக்கு வந்தார். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். இவளையும் விளையாட்டுக்குள் இழுத்துப் போட்டுவிட்டால் பலகையும் மறந்துபோகும், வாயும் ஓயும். பழைய லேப்டாப்பைத் துடைத்துக் கொடுத்தார். கோட்டைக்குப் பின்னால் கிடந்த பள்ளத்தைப் பெரிய மனசு பண்ணி அவளுக்கு ஒதுக்கினார்.

“எனக்கு இதெல்லாம் வராதுங்க.”

“வரும் வரும். சும்மா நாலு செடி நட்டுக்கிட்டு இரு.”

வந்தது. பள்ளத்தில் தோட்டம் வந்தது, தோட்டத்தைப் பார்க்க ஊரே வந்தது. எங்கேயோ இருக்கும் நர்ஸ் அவளுக்கு அக்கா ஆனாள். பேக்கரிக்காரர் அண்ணன் ஆனார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. யாரோ சிரிக்க வைக்கிறார்களே என்று தளபதிக்குச் சுருக்கென்றது.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது.

“இன்னிக்கு நாங்க பாலம் கட்டுறோம். சமையலை நீங்க பார்த்துக்கோங்க.”

“நானா?”

“பின்னே, உங்க படையா வந்து பார்க்கும்?”

மறுநாள் துணி. அப்புறம் பாத்திரம். அப்புறம் எல்லாமே. தளபதி கரண்டியும் கையுமாக நின்றார், கோட்டைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூட நேரமில்லை. ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே போய்ப் பார்த்தால், மலை இருந்தது. கோட்டையைக் காணோம்.

“என் கோட்டை எங்க?”

“இடிச்சாச்சு. ஒரு மாசம் எட்டிப் பார்க்காதவங்க இடம் ஊருக்குப் பொது. இடிக்கலாமான்னு ஊர்ல கேட்டோம், எல்லாரும் கையைத் தூக்கிட்டாங்க.”

“நீயுமா?”

“நான்தான் முதல்ல தூக்கினேன்.”

“எவன் போட்ட சட்டம் இது?”

“நீங்க போட்டதுதான். பேக்கரி அண்ணன் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ அவரோட மலையைப் பிடுங்கறதுக்காகப் போட்டீங்க. மறந்துபோச்சா?”

அந்த மலையை எப்படிப் பிடித்தோம் என்பதைத் தளபதி உண்மையிலேயே மறந்திருந்தார். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை, யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. போனது போகட்டும், இருக்கிற வீட்டையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று மறுநாள் சாயங்காலம் சுத்தியலைத் தேடி எடுத்தார். கட்டைவிரலை நசுக்கிக்கொண்டார். ஆனாலும் பலகை கோணாமல் நின்றது. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு மனைவியிடம் போனார்.

“பலகையை மாட்டிட்டேன்.”

“ம்.”

அவள் திரும்பவில்லை. திரையில் கோட்டை இருந்த இடத்தில் சின்னதாக ஒரு வீடு. அதே ஜன்னல், அதே சமையலறை, நேராக மாட்டிய பலகை. அச்சு அசல் இவர்கள் வீடுதான். தளபதி நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஆயிரம் இருந்தாலும் நம் வீட்டைத்தானே கட்டியிருக்கிறாள்.

ஸ்பீக்கரில் நர்ஸ் அக்காவின் குரல் கேட்டது. “வீடு அம்சமா இருக்கு கண்ணு. யார் யார் இருக்கீங்க?”

“நான் மட்டும்தான்க்கா.”